காற்றாலையடியில் ஒரு குண்டான்

பாடி மேம்பாலத்தை ஒட்டிய ஒரு மாடியில் இயங்குகிறது ‘புலி துப்பறியும் நிறுவனம்’. கீழே பேரிங் கடை. பாலத்தில் லாரி ஏறினால் நிறுவனம் முழுவதும் அதிரும். நிறுவனம் முழுவதும் என்றால் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், வேம்புலி, அஞ்சலை.

வேம்புலிக்கு ஐம்பது வயது. பெயர்ப்பலகையில் பாதிப் பெயர்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று சொல்லிக்கொள்வார். பலகை வாசலைவிட அகலம். அஞ்சலை அவருடைய உதவியாளர், ஓய்வு நேரத்தில் ஆட்டோ ஓட்டுகிறாள். அவளைக் கேட்டால் ஆட்டோதான் தொழில், துப்பறிவதுதான் ஓய்வு என்பாள்.

கொலை, கொள்ளை எல்லாவற்றையும் போலீசே வைத்துக்கொண்டுவிட்டதால் அம்பத்தூர் வட்டாரத்தில் தனியார் துப்பறிவாளனுக்கு மிச்சம் இருப்பவர்கள் மாப்பிள்ளைகள்தான். மாப்பிள்ளை குடிப்பாரா, அமெரிக்காவில் அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டா, அமெரிக்காவாவது உண்டா. இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடியே வேம்புலியின் முடி கொட்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் படியேறி வந்தவள் கிருஷ்ணப்பிரியா. முப்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். ஸ்கூட்டி சாவியை மேசைமேல் வைத்தாள். சாவியில் ஒரு குட்டி மரச்செருப்பு தொங்கியது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம் சார். அதுக்குள்ள மாப்பிள்ளை யாருன்னு தெரியணும்.”

“பேர்கூடத் தெரியாதா?”

“பேர் பிரசன்னா. ஊர் தெரியும், அவங்க அம்மாவைத் தெரியும், மூணு மாசமா தினம் போன்ல பேசறேன். ஆனா யாருன்னு தெரியலை.”

“மாப்ள எங்க கீறாரு?” என்றாள் அஞ்சலை.

“ஆம்ஸ்டர்டாம்.”

“அது எந்த ஸ்டாப்பிங் கண்ணு?”

“நெதர்லாந்து.”

“அப்போ வண்டி போவாது. மேல சொல்லு.”

கிருஷ்ணப்பிரியா சொன்னாள். வரனைக் கொண்டுவந்தது அப்பா ஜெயராமன். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அம்பத்தூரில் அவர்கள் அடுக்ககத்தின் சங்கத் தலைவர். போன வருடம் ஐரோப்பா டூர் போய் வந்தார். ஹாலந்தில் அவர் இருந்தது இரண்டு நாள். திரும்பி வந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது ஒரு வருடம். சனிக்கிழமைதோறும் சங்கக் கூடத்தில் திரை கட்டி, ‘ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரே நாளில்’ என்ற தலைப்பில் சொற்பொழிவு. காலையில் புறப்பட்டுக் காற்றாலைக் கிராமம் போய் மாலைக்குள் திரும்புவது எப்படி, டுலிப் தோட்டத்துக்கு எந்தப் பக்கம் நுழைவது, டெல்ஃப்ட் என்ற ஊரில் என்ன வாங்கக் கூடாது. கேட்க வருகிறவர்களில் ஆவடிக்கு அப்பால் போயிராதவர்களே அதிகம். ஆனாலும் வருவார்கள். தலைவர் கையில்தான் தண்ணீர் மோட்டார் சாவி.

“இந்தச் செருப்பும் அவர் வாங்கிட்டு வந்ததுதான். எங்க ஃப்ளாட்ஸ்ல எல்லார் சாவியிலயும் இது தொங்குது.”

“மாப்பிள்ளை என்ன வேலைன்னு சொன்னாங்க?”

“ஐ.டி. ‘சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்’னு அப்பா சொன்னார். கம்பெனி ரகசியமாம், வேலையைப் பத்தி அவர்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதாம்.”

“ரகசியம்னா உனக்கு இன்னா சந்தேகம்?” என்றாள் அஞ்சலை.

“அக்கா, நானும் ஐ.டி.தான். மூணு மாசமா ஒருத்தர் பேசறார், ஒரு தடவைகூட மேனேஜரைத் திட்டலை.”

வேம்புலி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை அவர் கையாண்ட வழக்குகளில் இவ்வளவு வலுவான சாட்சியத்தோடு யாரும் வந்ததில்லை.

“அப்புறம்?”

“பொண்ணு பாக்க வந்தப்போ எல்லாரும் பஜ்ஜியைச் சாப்பிட்டாங்க. இவர் மட்டும் பிச்சு, உள்ள பார்த்தார். அப்புறம் போன வாரம், இன்னிக்கு வேலை எப்படின்னு கேட்டேன். ‘நாப்பது பேருங்க, முடியலை’ன்னார். மீட்டிங்கானு கேட்டேன். ‘அதுல ஆறு பேர் வெங்காயம் பூண்டு சேர்க்காதவங்க’ன்னார்.”

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சிரிக்காதீங்கக்கா. ஒருவேளை எல்லாத்துக்கும் விளக்கம் இருக்கலாம். நல்லாப் பேசறார். எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு. பிடிக்கலைன்னா நான் ஏன் இங்க வரேன்?” அவள் கைபேசியை நீட்டினாள். “இதெல்லாம் அவர் அனுப்பின படங்கள்.”

செவ்வாய்க்கிழமை காற்றாலை. புதன்கிழமை டுலிப் தோட்டம். வியாழன் வோலன்டாம் என்ற மீனவர் ஊர். வெள்ளி மறுபடி காற்றாலை. அடுத்த வாரமும் அதே வரிசை. எல்லாவற்றிலும் ஒல்லியான, களைத்த, நல்ல சிரிப்புள்ள ஒரு முகம்.

“நீ அம்பத்தூர்ல எத்தனை வருஷமா இருக்கேம்மா?” என்றார் வேம்புலி.

“பொறந்ததுலேர்ந்து.”

“மெரினாவுக்கு எப்போ போவே?”

“ஊர்லேர்ந்து யாராவது வந்தா.”

“அதான். குடியிருக்கிறவன் ஊர் சுத்த மாட்டான். வேலை நாள்ல வாரத்துக்கு ரெண்டு தடவை ஒருத்தன் காற்றாலை பாக்கப் போறான்னா, ஒண்ணு காற்றாலை அவன் சொந்தமா இருக்கணும், இல்லைன்னா...”

“இல்லைன்னா ஆளு அங்கயே இல்ல,” என்று முடித்தாள் அஞ்சலை. “அண்ணாத்தே, பூந்தமல்லி தாண்டி ஒரு போட்டோ எடுக்கிற தோட்டம் கீது. கல்யாண ஜோடிங்களை இட்டுகினு போயிருக்கேன். ஈபிள் டவர், லண்டன் போன் பொட்டி, காத்தாடி எல்லாம் தெர்மாகோல்ல நிக்கும். பயபுள்ள அங்கதான் குந்திகினு பிலிம் காட்றான்.”

சொல்லிக்கொண்டே காற்றாலைப் படத்தைப் பெரிதாக்கினாள். பிரசன்னாவுக்குப் பின்னால், புல்தரையில், ஏதோ பெரிய வெள்ளை உருண்டை. அதன்மேல் சிவப்பில் கோணல்மாணலாக எழுத்து.

“அது டச்சு எழுத்துனு நினைச்சேன்,” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

அஞ்சலை கைபேசியைத் தலைகீழாகத் திருப்பினாள். மூவரும் குனிந்தார்கள். டச்சு எழுத்து தமிழாகிவிட்டது. கழுவிக் கவிழ்த்து வைத்த அலுமினியக் குண்டான். அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில், ‘முத்தம்மாள், திருவேற்காடு’.

“ஹாலந்துல ஏது அண்ணாத்தே திருவேற்காட்டுக் குண்டான்?” என்று கத்தினாள் அஞ்சலை. “நான் சொன்னேன்ல! பூந்தமல்லிதான்!”

கிருஷ்ணப்பிரியா கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவோட சொற்பொழிவு. நான்தான் லேப்டாப்ல படம் போடணும். நீங்க அதுக்குள்ள திருவேற்காட்டுல விசாரிச்சுட்டு, நேரா அங்க வந்து சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் நானே பிரசன்னாகிட்ட பேசிக்கிறேன்.”

*

எஸ்டேட் சாலையில் லாரிகளுக்கு நடுவே நுழைந்து, அயனம்பாக்கம் வழியாகத் திருவேற்காடு போய்ச் சேரும்வரை அஞ்சலை ஓயவில்லை.

“தமிழன் பாஸ்போர்ட்ல பேரை மாத்துவான், பேஸ்புக்ல மூஞ்சிய மாத்துவான். பாத்திரத்துல எழுதுன பேரை மட்டும் எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. எங்க ஊட்ல ஒரு டம்ளர் கீது. அதுல எவளோ சரோஜான்னு வெட்டியிருக்கா. எங்க சாதி சனத்துல சரோஜாவே கெடையாது.”

“எப்படி வந்துச்சு?”

“அத்த அந்த சரோஜாவைத்தான் கேக்கணும்.”

கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது முத்தம்மாளின் வாடகைப் பாத்திரக் கடை. அண்டாக்கள், அன்னக்கூடைகள், மடக்கு நாற்காலிகள், சுருட்டிவைத்த ஷாமியானா. நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் முத்தம்மாள். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

துப்பறிவாளர்கள் மாறுவேடம் போடுவது உண்டு. வேம்புலிக்கு அந்த அளவு முதலீடு கிடையாது. முகபாவத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். “காதுகுத்து வெச்சிருக்கோம். பெரிய குண்டான் ஒண்ணு வேணும்.”

“எத்தினி பேரு?”

“நூறு.”

“அதுக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப கெடையாது.”

“எங்க போச்சு?”

“ஹாலந்துக்கு.”

‘கோயம்பேட்டுக்கு’ என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு வாணலியைத் திருப்பிப் போட்டாள்.

அஞ்சலை சட்டென்று மண்டியிட்டு உட்கார்ந்தாள். “இன்னாம்மா சொல்றே? பூந்தமல்லியில்ல?”

“பூந்தமல்லிக்கு எதுக்குடி ஏரோப்ளேன்? சாக்கு சுத்தி, கயிறு கட்டி, உள்ள அப்பளம், வடாம், புளி எல்லாம் ரொப்பிகினு போனான். ஏர்போர்ட்ல இது இன்னான்னு கேட்டாங்களாம். குண்டான்னானாம். வுட்டுட்டாங்க.”

“யாரும்மா?”

“பிரசன்னா. சமையல்காரப் புள்ள. கல்யாண சமையலுக்கு எங்கிட்டதான் பாத்திரம் எடுப்பான். அங்க நம்ம ஊருலேர்ந்து டூரு போறாங்கல்ல? ஊரு பாக்க வெள்ளைக்காரன் ஊரு வேணும், வாய்க்கு மட்டும் வத்தக்கொழம்பு வேணும். அதுக்குன்னு ஒரு கம்பெனிக்காரன் அந்த ஊரு பேரு... ஆமிஸ்டரோ இன்னாவோ, அதுக்கு வெளிய ஒரு சமையகூடம் வெச்சிகீறான். காலையில ஆக்கி, வேன்ல ஏத்திகினு, சனம் எங்க எறங்குதோ அங்க போயி போடணும். ஒரு நா காத்தாடி, ஒரு நா பூந்தோட்டம். போட்டுட்டு, கழுவிட்டு, சாயங்காலம் திரும்பணும். எந்தக் குண்டான்ல வெச்சாலும் சாம்பாரு சரியா வரலியாம், இதான் வேணும்னு தூக்கிகினு போயிட்டான்.”

ஆம்ஸ்டர்டாமிலிருந்து தினமும் ஒரு ஒருநாள் பயணம். தினமும் போய் வருகிற பிரசன்னாவுக்கு மட்டும் ஊர் தெரியாது. வேன் நிறுத்துமிடம்தான் தெரியும்.

“ஆக, ஐ.டி. இல்ல,” என்றார் வேம்புலி, பாதி தனக்கே.

“ஐ.டி.யா? அவனா?” முத்தம்மாள் முதல்முறையாக நிமிர்ந்தாள். “நீங்க காதுகுத்துக்கு வரலை. பொண்ணு ஊட்டுக்காரங்க. எத்தினி தபாதான் விசாரிப்பீங்க?”

“எத்தனை தபாவா? முன்னாடி யாராவது வந்தாங்களா?”

“போன வருசமே வந்தாரே ஒரு பெரியவரு. மடிப்பு கலையாத சொக்கா. பையன் கொணம் எப்டி, குடிப்பானா, அம்மா எப்டின்னு கேட்டாரு. ‘அங்க அவன் கையால துன்னேன், இப்டி ஒரு புள்ள கெடைக்காது, அதான் நேரா வந்தேன்’ன்னாரு. நான் உள்ளத சொன்னேன். அப்பால குந்திகினு காத்தாடி எப்டி சுத்துதுன்னு எனக்குப் பாடம் எடுத்தாரு பாரு... நான் அதுக்குள்ள மூணு அண்டா தேச்சு முடிச்சிட்டேன். போவும்போது இத்தக் குடுத்தாரு.”

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவிக் காட்டினாள். கொத்தின் நடுவில் ஒரு குட்டி மரச்செருப்பு.

அஞ்சலை வாயைத் திறந்தாள். வேம்புலி அவள் காலை மிதித்தார்.

*

“மிதிக்கிறவரு மெதுவா மிதிக்கக் கூடாதா?” ஆட்டோவைக் கிளப்பியபடி அஞ்சலை முனகினாள். “அப்போ அந்தப் பையன் டூப்பு இல்ல.”

“இல்ல. செஞ்ச வேலையை, செஞ்ச இடத்துல நின்னு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். ஒரு ஆளு இதைவிட ஒழுங்கா உண்மை பேச முடியாது.”

“ஐ.டி.ன்னு உதார் வுட்டது அப்பன்காரன்!”

“வத்தக்குழம்புல மனசைப் பறிகொடுத்து மாப்பிள்ளையைப் புடிச்சிட்டாரு. ஃப்ளாட்ல வந்து சமையல்காரர்னு சொல்ல வாய் வரலை.”

அஞ்சலை ஒரு லாரியை ஒட்டி முந்தினாள். “அந்தப் பொண்ணுகிட்ட இன்னான்னு சொல்லப் போறே? மாப்ளய விசாரிக்கச் சொன்னே, உங்கப்பன் மாட்டிகினான்னா? நம்புமா? ஒரு சாவிக்கொத்த வெச்சிகினு?”

“நம்பாது. அந்தச் செருப்பு ஃப்ளாட்ல எல்லார்கிட்டயும் இருக்கு. இவர் இல்லேன்னு சொல்லிட்டா, பழி அந்தப் பையன் தலையில விழும். ஞாயித்துக்கிழமை கல்யாணப் பேச்சே நின்னுபோகும்.”

“அப்போ?”

“வேற ஏதாவது கிடைக்கணும்.”

“கெடைக்கலேன்னா?”

“சொற்பொழிவு கேட்டுட்டு வரலாம்.”

“அதுக்கு அந்தப் பையனையே மாட்டி வுட்டுடலாம் அண்ணாத்தே.”

*

சங்கக் கூடத்தில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது, ஆட்கள் இன்னும் வரவில்லை. திரையில் ஆம்ஸ்டர்டாம் கால்வாய் ஒன்று மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் லேப்டாப்போடு கிருஷ்ணப்பிரியா. முன்னால் ஜெயராமன், மடிப்புக் கலையாத சட்டை, கையில் திரையைச் சுட்டிக்காட்ட ஒரு நீளக் குச்சி.

“வாங்கோ, உக்காருங்கோ. நீங்க எந்த பிளாக்?” என்றார்.

“கிருஷ்ணப்பிரியாவுக்குத் தெரிஞ்சவங்க,” என்றார் வேம்புலி. “உங்க பேச்சைக் கேக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.”

இந்த வாக்கியத்தை ஜெயராமன் ஒரு வருடமாக யாரிடமிருந்தாவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்துவிட்டது. “பொதுவா என்ன தப்பு பண்றாங்கன்னா, ஆம்ஸ்டர்டாம் போறவங்க ஆம்ஸ்டர்டாமையே சுத்திட்டு வந்துடறாங்க. நான் சொல்றேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் வெளிய போங்கோ. பிரியா, அந்தக் காற்றாலை படம் போடும்மா.”

படம் வந்தது. நீல வானம், பச்சைப் புல், முழுதாக ஒரு காற்றாலை. அதற்கு முன்னால் ஜெயராமன், குளிர் தொப்பியோடு, ஒரு கையில் தட்டு.

“இந்தப் பிரயாணத்துல காற்றாலை முழுசா விழுந்த ஒரே படம் இதுதான்,” என்றார் பெருமையாக. “மத்ததுல எல்லாம் யாராவது குறுக்க வந்துட்டாங்க.”

வேம்புலி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ஜெயராமனின் வலது கையில் தட்டு. இடது கை தோளிலிருந்து கிளம்பி, நீண்டு, முழங்கையோடு படத்தின் ஓரத்தில் முடிந்துபோனது. அந்த ஓரத்தில், கீழே, ஒரு கரண்டியின் நுனி.

“சார், இந்தப் படத்துல உங்க கூட யாரு?”

“யாரும் இல்லையே. நான் மட்டும்தான்.”

“கை யார் மேலயோ போட்டிருக்கீங்க.”

“அது... சும்மா... காத்துக்கு...”

“காத்து தோள்ல யாரும் கை போட மாட்டாங்க சார்.”

ஜெயராமன் கைக்குச்சியால் முதுகைச் சொறிந்தார். “பிரியா, அடுத்த படம்.”

அடுத்த படம் வரவில்லை. கிருஷ்ணப்பிரியா திரையைப் பார்த்தாள், வேம்புலியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். டெஸ்டிங்காரி. வெட்டிய படத்தை அந்த மென்பொருள் தூக்கி எறிவதில்லை, ஓரமாக மறைத்துத்தான் வைக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், அவள் அப்பாவுக்குத் தெரியாது.

இரண்டு சொடுக்கு.

காற்றாலை சுருங்கியது. படம் வலப்பக்கம் விரிந்தது. ஜெயராமனின் இடது கை போய்ச் சேர்ந்த இடம் தெரிந்தது. ஏப்ரன் கட்டிய ஒல்லியான தோள் ஒன்று. களைத்த, நல்ல சிரிப்புள்ள முகம். கையில் கரண்டி. பக்கத்தில் மூடி திறந்த குண்டான். ஜெயராமன் அவனை அணைத்திருந்த விதத்தைப் பார்த்தால், டூர் முழுவதிலும் அவர் வேறெதையும் அவ்வளவு ஆசையாகக் கட்டிப்பிடித்திருக்க மாட்டார்.

“போன வருஷமே உங்களுக்கு அவரைத் தெரியுமா?” அவள் குரல் உயரவில்லை.

“பிரியா, நான் சொல்றதைக் கேளு...”

“சமையல்காரர்னு தெரியுமா?”

“தங்கமான பையன்மா. அந்தக் குளிர்ல, அந்தக் கைக்கு... அந்த வத்தக்குழம்பு... நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஆனா இங்க பி பிளாக்ல எல்லாருக்கும் அமெரிக்கா மாப்பிள்ளை. நான் தலைவர். நான் போய் எப்படி...”

கிருஷ்ணப்பிரியா கைபேசியை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே மதியம் தாண்டியிருக்கும். நாலு முறை மணி அடித்த பிறகு பிரசன்னா எடுத்தான். பின்னணியில் பாத்திரம் உருளும் ஓசை.

“சொல்லுங்க. சாப்டாச்சா?”

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“...என்னங்க திடீர்னு?”

“சொல்லுங்களேன்.”

“சமையல்ங்க. அப்பா சொல்லலையா? உங்களுக்குச் சமையல்னாலே அலர்ஜி, அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னாரு. அதனாலதான் நானா எதுவும் சொல்லலை. எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஏங்க, ஏதாவது பிரச்சினையா?”

அஞ்சலை ஜெயராமனைப் பார்த்த பார்வையில் ஒரு சவாரிக்காரர் இறங்கிப் போயிருப்பார். இவருக்கு இறங்க இடமில்லை.

கிருஷ்ணப்பிரியா ஸ்பீக்கரை அணைத்தாள். “ஒரு நிமிஷம் லைன்ல இருங்க,” என்றாள் போனில். பிறகு அப்பாவிடம்: “ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம் வேணாம்.”

“பிரியா! சமையல்னு கேவலமாப் பாக்காதே...”

“யாருப்பா கேவலமாப் பாத்தது?” என்றாள். “மூணு மாசமா நான் ஒரு ஐ.டி.காரன்கிட்ட பேசிட்டிருந்தேன். இவர்கிட்ட நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலை.”

போனைக் காதில் வைத்தபடி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் மூன்று பேர், ஒரு காற்றாலை, ஒரு குண்டான். அஞ்சலை ஒரு நாற்காலியை இழுத்து ஜெயராமனிடம் நகர்த்தினாள். “குந்து நைனா. நின்னுகினே மானம் போனா கால் வலிக்கும்.”

அவர் உட்கார்ந்தார். “லேப்டாப்பை அணைக்கத் தெரியுமா உங்களுக்கு?” என்றார் மெல்ல.

“எனக்கு ஆட்டோதான் ஆஃப் பண்ணத் தெரியும்.”

வேம்புலிக்குத் தெரியும். ஆனால் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மோட்டார் சாவியின் மீது மரியாதை கொண்ட அத்தனை பேரும். முதல் வரிசையில், எப்போதும்போல, பி பிளாக் தாட்சாயிணி. மூன்று பிள்ளைகள், மூவரும் அமெரிக்கா. ஜெயராமன் யாருக்குப் பயந்து ஒரு மனிதனையே படத்திலிருந்து வெட்டினாரோ, அந்த அம்மாள்தான். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித் திரையைப் பார்த்தாள்.

“இந்தப் படம் புதுசா இருக்கே. யார் சார் அது, தோள்ல கை போட்டிருக்கீங்க?”

ஜெயராமன் எழுந்தார். ஹாலந்தின் அணைகளைப் பற்றி, பாலாடைக்கட்டியைப் பற்றி, சைக்கிள்களைப் பற்றி ஒரு வருடமாகத் தங்குதடையில்லாமல் பேசியவருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. வராந்தாப் பக்கம் பார்த்தார். மகள் முதுகு காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

“அவர்தான்... பிரியாவுக்குப் பாத்திருந்த... பிரசன்னா.”

“ஐ.டி.ன்னு சொன்னீங்க? கரண்டி வெச்சிருக்கார்?”

“ஐ.டி. இல்லை. நான் பொய் சொன்னேன்.” குச்சியைக் கீழே வைத்தார். “சமையல்.”

இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இடி விழவில்லை.

“சமையலா? கல்யாண சமையல் செய்வாரா?” தாட்சாயிணி பாதி எழுந்துவிட்டாள். “சார், எங்க சின்னவனுக்குத் தையில முகூர்த்தம் பாத்திருக்கோம். ஒழுங்கா ஒரு சமையல்காரர் கிடைக்காம ரெண்டு மாசமா நாய் படாத பாடு படறோம். இதை இவ்வளவு நாளா மறைச்சு வெச்சிருக்கீங்களே, நியாயமா?”

“எங்களுக்கு வளைகாப்பு இருக்கு,” என்றது பின்வரிசை.

“வெளிநாட்டுக்காரங்களுக்கே சமைக்கிறார்னா சும்மாவா?” என்றது அதற்கும் பின்வரிசை.

“வெளிநாட்டுக்காரங்களுக்கு இல்ல,” என்றார் ஜெயராமன் பரிதாபமாக. “நமக்குத்தான். வெளிநாட்டுல.” யாரும் கேட்கவில்லை. அவர் பேச்சை ஒரு வருடமாகவே யாரும் கேட்கவில்லை என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது.

வராந்தாவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் கழித்துக் கிருஷ்ணப்பிரியா உள்ளே வந்தாள். கண்ணோரம் ஈரம் இருந்தது. துடைக்கவில்லை. நேராக அப்பாவிடம் போனாள்.

“வெள்ளிக்கிழமை வரார். சனிக்கிழமை நானும் அவரும் தனியா வெளிய போய்ப் பேசறோம். நீங்க வரக் கூடாது. அதுக்கப்புறம் நிச்சயம் உண்டா இல்லையான்னு நான் சொல்றேன்.”

“சரிம்மா,” என்றார் ஜெயராமன். தலைவராகப் பொறுப்பேற்ற பிறகு அவர் எதிர்க்கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட முதல் தீர்மானம் அது.

“பொண்ணு உஷாருதான்,” என்று வேம்புலியின் காதில் கிசுகிசுத்தாள் அஞ்சலை. “நம்ம ஆபீசுக்கு ஆளு வேணுமா, கேட்டுப் பாரேன். நான் ஆட்டோவுக்கே போயிடறேன்.”

அதற்குள் தாட்சாயிணி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து கிருஷ்ணப்பிரியாவின் கையைப் பிடித்துவிட்டாள். “கண்ணு, உங்க அவர்கிட்ட தையில தேதி இருக்கானு முதல்ல எனக்குக் கேட்டுச் சொல்லிடு. மத்தவங்க எல்லாம் அப்புறம்.”

கிருஷ்ணப்பிரியா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“வரிசையில வாங்க ஆன்ட்டி. முன்னாடி நான் நிக்கிறேன்.”